டைல்ஸ் வாங்குமுன் தரையைப் பாருங்கள்: கலவையா, அடெசிவா, பழைய தரை மேலேயா, கிளிக் பலகையா?

"அண்ணே, கொத்தனார் கலவையில போட்டாத்தான் நிக்கும்ங்கிறாரு. கடைக்காரர், அடெசிவ் இல்லாம நாலுக்கு ரெண்டு டைல்ஸைத் தொடவே கூடாதுங்கிறாரு. நான் யார் பேச்சைக் கேக்குறது?"

மதுரையிலிருந்து தங்கை போனில் கேட்டாள். கலவை என்றால் மணலும் சிமெண்டும் குழைத்தது, அடெசிவ் என்றால் மூட்டையில் வருகிற ஒட்டுப் பொடி, நாலுக்கு இரண்டு என்பது அடிக் கணக்கு. டைல்ஸ் ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டது. மாடி அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறாள். நான் அவளிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "கீழே தளம் எப்படிம்மா இருக்கு? மட்டமா இருக்கா, எத்தனை இஞ்ச் உயரம் விட்டு வச்சிருக்காங்க?" அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் போகிறார்கள். கடைக்குப் போய் நிறமும் பளபளப்பும் பார்த்து டைல்ஸ் எடுத்துவிடுகிறார்கள். எப்படிப் பதிப்பது என்பதை வேலை தொடங்கும் அன்று காலையில் கொத்தனார் முடிவு செய்கிறார். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. தளமும் உயரமும் முறையைச் சொல்லும். முறை தெரிந்தபிறகுதான் எந்த டைல் பொருந்தும் என்று தெரியும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்கள் வீட்டு ஹாலில் இரண்டுக்கு இரண்டு விட்ரிஃபைடு டைல்ஸ் (துளையில்லாமல் இறுகச் சுட்டது), கலவையில், இடைவெளியே விடாமல் நெருக்கிப் பதித்தது. பார்க்க ஒரே கண்ணாடி மாதிரி இருக்கும். ஏழு வருடம் ஒரு குறையும் இல்லை. எட்டாவது வருடம் சித்திரை மாதத்து மதியம், சாப்பிட்டுப் படுத்திருந்தபோது படாரென்று ஒரு சத்தம். நடு வரிசையில் இரண்டு டைல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூரை மாதிரி எழும்பி நின்றன. தூக்கிப் பார்த்தால், டைலின் முதுகு பெட்டியிலிருந்து எடுத்த அன்று இருந்த மாதிரியே சுத்தமாக இருந்தது. நடுவில் மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சிமெண்ட் கறை. அத்தனை வருடமும் அந்த டைல் ஒட்டியிருக்கவே இல்லை. தன் எடையிலும் பக்கத்து டைல்களின் நெருக்கத்திலும்தான் நின்றிருக்கிறது.

முடிவெடுக்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

முதலில் தளத்தின் மட்டம். ஆறடி மட்டப்பலகையைத் தரையில் பல திசைகளில் வைத்து, அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். அளவுகோல் தேவையில்லை, ஏ.டி.எம். கார்டு போதும். ஒரு கார்டின் கனம் முக்கால் மி.மீ. நாலு கார்டை அடுக்கினால் 3 மி.மீ. அந்த நாலு கார்டும் பலகைக்கு அடியில் தாராளமாக நுழைகிறது என்றால், பெரிய டைலுக்கோ, ஒன்றோடொன்று மாட்டி விரிக்கிற கிளிக் பலகைக்கோ அந்தத் தளம் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது உயரம். நிலைக்கும் கதவுக்கும் அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது, பாத்ரூம் வாசலில் தரை எவ்வளவு இறங்குகிறது, மாடிப்படியின் கடைசிப் படி எவ்வளவு உயரம் என்பதை எழுதிவையுங்கள். படி விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை. ஹால் தரை ஒன்றரை இஞ்ச் உயர்ந்தால் கீழ்ப்படி மட்டும் குட்டையாகி, இறங்குகிற ஆள் கால் இடறுவார். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது ஈரம். தரைத்தளமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு பாலிதீன் தாளைத் தளத்தில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. கடலோர ஊர்களில் அந்த ஈரம் உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து டைல் இடுக்குகளில் வெள்ளையாகப் பூக்கும்.

பிறகு எடை. இதை அடுக்குமாடியில் இருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்றரை இஞ்சுக்குச் சற்று அதிகமாக, 40 மி.மீ. கனத்தில் கலவை போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிலோவுக்கு மேல் வரும். அதன்மேல் டைல் ஒரு 20 கிலோ. பத்துக்குப் பத்து அறைக்குக் கணக்குப் போட்டால் ஒரு டன்னை நெருங்கிவிடும். தரைப் பூச்சுக்கென்று ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோவைப் பொறியாளர்கள் கணக்கில் வைப்பது வழக்கம். ஒரு தரைக்கு அது சரியாகப் போகும். பழைய தரையை வைத்துக்கொண்டே மறுபடியும் கலவை போடுவதற்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

கடைசியாக இரண்டு கேள்விகள். வேலை நடக்கும்போது வீட்டில் குடியிருக்கிறீர்களா? உங்களுக்குக் கிடைக்கிற ஆளின் கைக்கு எந்த முறை பழகியிருக்கிறது? நல்ல அடெசிவைப் பழக்கமில்லாத கையில் கொடுத்தால், சுமாரான கலவையை விட மோசமான தரைதான் கிடைக்கும்.

1. மணல் சிமெண்ட் கலவை

நம் ஊரில் எல்லாக் கொத்தனாருக்கும் கைவந்த முறை. ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலிலிருந்து ஆறு பங்கு மணல், ஒன்றிலிருந்து இரண்டு இஞ்ச் கனம், மேலே சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்), அதன்மேல் டைல், ரப்பர் சுத்தியால் தட்டி மட்டம். இதன் பெரிய பலம், மேடுபள்ளமான தளத்தை மட்டப்படுத்துவதும் டைல் பதிப்பதும் ஒரே வேலையில் முடிந்துவிடுவது. கான்கிரீட் போட்டபடியே கிடக்கிற புதுத் தளம், குழாய் ஓடுகிற இடம், வாட்டம் கொடுக்க வேண்டிய இடம் என எதையும் கலவையின் கனத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம்.

கல்லின் கனம் ஒரே மாதிரி இல்லாத கிரானைட், கடப்பா, கோட்டா கல்லுக்கெல்லாம் கலவைதான் சரி. காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கும் அப்படித்தான். அது சூளையில் சுடாமல், கண்ணாடிமேல் நிறக்கலவை ஊற்றி, சிமெண்டை நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கல். தானே சிமெண்டாக இருப்பதால் சிமெண்டோடு நன்றாகக் கட்டிக்கொள்ளும்.

சிக்கல் விட்ரிஃபைடில்தான். சிமெண்ட் பால் ஒரு பொருளில் ஒட்டுவது, அது அந்தப் பொருளின் நுண்துளைக்குள் இறங்கி இறுகுவதால். சுவருக்குப் போடும் செராமிக் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் அதை ஊறவைத்து ஒட்டுகிறோம். விட்ரிஃபைடு குடிப்பது அரை சதவீதத்துக்கும் கீழே. பால் இறங்க வழியே இல்லை. ஊறவைத்தாலும் பயன் இல்லை. இதற்கு மேல், பல டைல்களின் முதுகில் சூளை உருளைகளில் ஒட்டாமல் இருப்பதற்காகப் பூசிய வெள்ளைப் பொடி இருக்கும். அதைத் துடைக்காமல் பதித்தால் பால் அந்தப் பொடியில்தான் ஒட்டும், டைலில் ஒட்டாது.

அப்படியென்றால் விட்ரிஃபைடை கலவையில் போடவே கூடாதா? போடலாம். இரண்டுக்கு இரண்டு வரை, பொறுமையுள்ள கை கிடைத்தால் போடலாம். கலவை கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது. டைலை வைத்துத் தட்டி, உடனே தூக்கி, கலவையில் எங்கே பதிந்திருக்கிறது, எங்கே பள்ளம் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பள்ளத்தை நிரப்பி, கலவை முழுக்கப் பால் ஊற்றி, டைல் முதுகிலும் தடவி, மறுபடி வைத்துத் தட்ட வேண்டும். இந்தத் தூக்கிப் பார்க்கிற வேலையைத்தான் சதுர அடிக் கணக்கில் கூலி பேசும்போது விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஹாலில் நடந்தது அதுதான். பாலை நடுவில் ஒரு கரண்டி ஊற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு மணல் சுமப்பதில் இருக்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு 40 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய மூன்று மூட்டை சிமெண்ட், பதினான்கு பதினைந்து கன அடி மணல். மூன்றாம் மாடிக்கு லிஃப்ட் இல்லாத வீட்டில் சித்தாள் கூலியே தனிக் கணக்காகிவிடும். இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். தரைத்தளத்தில் உயரம் அதிகமாக இருக்கிறதென்று வெறும் மணலைக் கொட்டி, மேலே பேருக்குக் கலவை போடுவார்கள். ஒரு வருடத்தில் எறும்பு அந்த மணலை இடுக்கு வழியாகத் தள்ளிக் குவிக்கும். கூட்டக் கூட்ட வரும். அடியில் குழி விழுந்து டைல் ஆடும். உயரம் அதிகமாக இருந்தால் முதலில் கான்கிரீட் போட்டு ஏற்றிவிட்டுத்தான் கலவைக்கு வர வேண்டும்.

2. மட்டம் பார்த்த தளத்தின்மேல் அடெசிவ்

மேஸ்திரிகள் 'கெமிக்கல்' என்றும் 'கம்' என்றும் சொல்வது இதைத்தான். அடிப்படையில் இதுவும் சிமெண்ட்தான், ஆனால் பாலிமர் என்கிற பிசின் வகைப் பொருள் சேர்த்தது. துளையில்லாத விட்ரிஃபைடு முதுகிலும் பிடிக்கக் காரணம் அந்தப் பாலிமர். 3 முதல் 6 மி.மீ. கனம் போதும். தளத்துக்கு எடை கூடாது, உயரம் மிச்சம், வேலை சுத்தம்.

மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணும், அது எத்தனையாவது வகை என்பதும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் உலகத் தரக் குறியையும் போடுகின்றன. சி1 என்றால் சாதாரணம், சி2 என்றால் மேம்பட்டது, எஸ்1 சேர்ந்திருந்தால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். நாலுக்கு இரண்டு போன்ற பெரிய விட்ரிஃபைடுக்கும் பழைய தரை மேல் ஒட்டுவதற்கும் சி2 வேண்டும். வெயில் படுகிற பால்கனிக்கு எஸ்1 சேர்ந்தது நல்லது. தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். கட்டி தட்டிய மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறைந்திருக்கிற செலவு எங்கே என்றால், அடெசிவுக்கு அடியில் மட்டமான தளம் ஏற்கெனவே இருக்க வேண்டும். 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ மூட்டை ஒன்று ஐம்பது சதுர அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். தளம் மேடுபள்ளமாகி கனம் 6 மி.மீ. ஆனால் அதே மூட்டை இருபத்தைந்து சதுர அடியைத் தாண்டாது. கடைக்காரர் சொன்ன கணக்குக்கு இரண்டு மடங்கு மூட்டை வாங்கியவர்களின் கதை எல்லாம் இதுதான். புது வீட்டில் இரண்டு இஞ்ச் உயரம் விட்டு வைத்திருந்தால், முதலில் கலவையால் மட்டத் தளம் போட்டு, ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆறவிட்டு, பிறகுதான் அடெசிவ். அப்போது சிமெண்ட், மணல் செலவும் உண்டு, அடெசிவ் செலவும் உண்டு, இரண்டு முறை கூலியும் உண்டு. விலையை ஒப்பிடுகிறவர்கள் இந்த மட்டத் தளத்தை விட்டுவிட்டு ஒப்பிடுகிறார்கள்.

ஆனாலும் பெரிய டைல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அந்த இரட்டைச் செலவு வீண் இல்லை. சுருங்க வேண்டிய தளம் டைல் வருவதற்கு முன்பே ஓரளவு சுருங்கிவிடும். அதன்மேல் உட்காரும் டைலுக்கு இழுபறி குறைவு.

வேலை நடக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவை சில. அடெசிவைப் பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு கோடாக இழுக்க வேண்டும். அப்போதுதான் டைலை அழுத்தும்போது காற்று வெளியேறும். உருண்டை உருண்டையாக நாலு மூலையிலும் நடுவிலும் வைத்து அமுக்குவது பெரிய தவறு. உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம். அங்கே இரும்பு பீரோவின் கால் நின்றால் டைல் விரிசல் விடும். பெரிய டைலுக்கு முதுகிலும் மெல்லிய பூச்சு வேண்டும். விரித்த அடெசிவ் நம் கோடையில், அதுவும் ஜன்னல் திறந்து காற்று அடிக்கிற அறையில், சீக்கிரம் மேலே ஆடை கட்டும். விரலால் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் அதைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். காலையில் கலந்து இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டுப் பிசைவதையும், மிச்சப்படுத்தச் சிமெண்ட் கலப்பதையும் அனுமதிக்காதீர்கள். பாலிமரின் அளவு குறைந்தால் நீங்கள் கொடுத்த காசுக்கு அர்த்தமே இல்லை.

ஒரு நாளில் ஒன்றிரண்டு டைலைப் பதித்த உடனே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் எண்பது சதவீதமாவது அடெசிவ் பிடித்திருக்க வேண்டும். பாத்ரூமிலும் வெளிப்புறத்திலும் தொண்ணூற்றைந்து.

3. பழைய தரை மேலேயே ஒட்டுவது

குடியிருக்கிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. பழைய தரையை உடைத்தால் பத்துக்குப் பத்து அறையில் மட்டும் ஒரு டன் அளவுக்கு இடிபாடு வரும் என்று மேலே போட்ட கணக்கே சொல்லும். அதைச் சாக்கில் கட்டி, மாடியிறக்கி, வண்டி பிடித்து அனுப்ப வேண்டும். உடைக்கும்போது தரைக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாயோ வயர் குழாயோ அடிபட்டால் அது வேறு செலவு. கீழ் வீட்டுக்காரரின் சீலிங்கில் விரிசல் வந்தால் அது வேறு வழக்கு.

ஆனால் பழைய தரை உறுதியாக இருந்தால் மட்டுமே இந்த வழி. ஒவ்வொரு டைலையும் ஒரு நாணயத்தாலோ மரக்கட்டையாலோ தட்டிக் கேளுங்கள். கனத்த ஓசை வந்தால் ஒட்டியிருக்கிறது. பானையைத் தட்டியது போல வந்தால் வெற்றிடம். அங்கங்கே ஒன்றிரண்டு என்றால் அவற்றைப் பெயர்த்து, கலவையால் நிரப்பி, காயவிட்டுத் தொடரலாம். நாலில் ஒன்று பானை ஓசை என்றால் உடைத்துத்தான் ஆக வேண்டும். புது டைல் பழைய டைலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பழையது கிளம்பினால் இரண்டும் சேர்ந்து கிளம்பும்.

பளபளக்கும் பழைய மேற்பரப்பை கிரைண்டரால் கீறிவிட வேண்டும், அல்லது அடெசிவ் நிறுவனம் சொல்லும் பிரைமரை, அதாவது பிடிப்புக்கான அடிப்பூச்சை, பூச வேண்டும். எண்ணெய், மெழுகு, சோப்புப் படலம் எதுவும் இருக்கக் கூடாது. புது டைலும் அடெசிவும் சேர்ந்து 13 முதல் 16 மி.மீ. உயரும். எல்லாக் கதவையும் கழற்றி அடியில் அறுக்க வேண்டும். மரக் கதவுக்குத் தச்சர் போதும். பாத்ரூம் பி.வி.சி. கதவும் இரும்பு கிரில் கதவும் அவ்வளவு எளிதில்லை. பாத்ரூமுக்குள் இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய வாட்டம் தவறாக இருந்தால் அதே தவறு மேலேயும் வரும். தரைக்கு அடியில் கசிவு இருந்தால் அது மூடப்படுமே தவிர நிற்காது.

உங்களுடையது பழைய சிவப்பு ஆக்சைடு தரையாகவோ மொசைக்காகவோ இருந்தால், மூடுவதற்கு முன் ஒரு மூலையை மெருகேற்றும் ஆளை வைத்துத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாத்தா காலத்துக் கொத்தனார்கள் நாள் கணக்கில் உட்கார்ந்து இழைத்த தரை அது. இன்று அதைத் திரும்பப் போட ஆள் கிடைப்பது கடினம். மனம் வராமல்தான் பலர் மூடுகிறார்கள். தேய்த்ததைப் பார்த்தபிறகு மூடாமல் விட்டவர்களும் உண்டு.

4. ஒட்டாமல் மிதக்கும் கிளிக் பலகை

எஸ்.பி.சி. என்று விற்பவை கல்பொடியும் பிளாஸ்டிக்கும் சேர்த்து அழுத்திய பலகைகள், பெரும்பாலும் 4 முதல் 6 மி.மீ. கனம். ஒன்றின் விளிம்பு மற்றதில் கொக்கியாக மாட்டிக்கொள்ளும். தளத்தோடு எதுவும் ஒட்டுவதில்லை. சிமெண்ட் இல்லை, தூசி குறைவு. ஒரு படுக்கையறையை ஒரே நாளில் முடித்து அன்றிரவே படுக்கலாம். நீண்ட கால வாடகைக்கு இருப்பவர்கள், உரிமையாளர் சம்மதித்தால், போகும்போது கழற்றி எடுத்துப் போகலாம். எடை மிகக் குறைவு. மாடிப் படுக்கையறைக்கும் பிள்ளைகள் படிக்கிற அறைக்கும் நல்ல தேர்வு.

இதே தோற்றத்தில் விலை குறைவாக வருகிற லேமினேட் பலகையின் உள்ளே இருப்பது மரநார். தண்ணீர் பட்டால் ஊதும், கரையானும் ஏறும். நம் ஊருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

எஸ்.பி.சி.க்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. பலகைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வாளியில் தண்ணீர் எடுத்து வீசிக் கழுவுகிற பழக்கமுள்ள வீட்டில், சுவரோர இடைவெளி வழியாக அடியில் இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நாறும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் வீட்டுக்குள் நின்றதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மறுபடி மூழ்கியதையும் நினைத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட இடத்துத் தரைத்தளத்துக்கு இது வேண்டாம். நன்றாக ஒட்டிய டைலைக் கழுவித் துடைத்துவிட்டு மறுநாள் நடக்கலாம். மிதக்கும் பலகையை முழுதும் பிரித்துக் காயவைக்க வேண்டும்.

சுவரைச் சுற்றி 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டு, சுவரடியில் ஓடும் பட்டையான ஸ்கர்டிங்கால் மூட வேண்டும், வெயிலில் நீளும்போது அது வேண்டும். சாமான் நிறைந்த இரும்பு பீரோ ஒரு பக்கமும் கட்டிலோடு சேர்ந்த அலமாரி இன்னொரு பக்கமும் அழுத்திப் பிடித்தால் பலகை நடுவில் நகர முடியாமல் எழும்பும், அல்லது இணைப்பு விடும். மேற்கு வெயில் நேராக விழுகிற பெரிய ஜன்னலுக்கு அடியிலும் யோசித்துப் போடுங்கள். தளம் மட்டமில்லாவிட்டால் நடக்கும்போது பலகை அமுங்கி, கொக்கி சீக்கிரம் முறியும். பலகையின் விலையைவிடத் தளத்தை மட்டப்படுத்தும் செலவு அதிகமான வீடுகளும் உண்டு.

ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | கலவை | மட்டத் தளம் + அடெசிவ் | பழைய தரை மேல் அடெசிவ் | கிளிக் பலகை |
|---|---|---|---|---|
| தளத்தின் மட்டம் | மேடுபள்ளம் பரவாயில்லை | மட்டம் வேண்டும் | பழைய டைல் உறுதியும் மட்டமும் வேண்டும் | மட்டம் மிக அவசியம் |
| கூடும் உயரம் | டைலோடு 35–60 மி.மீ. | தளத்துக்கு மேல் 13–16 மி.மீ. | 13–16 மி.மீ. | 5–8 மி.மீ. |
| எடை | அதிகம் | தளத்தைச் சேர்த்தால் அதிகம் | ஒரு ச.மீ.க்கு சுமார் 30 கிலோ கூடும் | மிகக் குறைவு |
| பெரிய விட்ரிஃபைடு | நம்ப முடியாது | மிகப் பொருத்தம் | பொருத்தம் | பொருந்தாது |
| குடியிருந்துகொண்டே | கடினம் | கடினம் | அறை அறையாக முடியும் | எளிது |
| மறைந்த செலவு | மணல் சுமப்பு, தூக்கிப் பார்க்காத வேலை | மட்டத் தளம், கூடுதல் மூட்டை | கதவுகள், பிரைமர், பெயர்த்த இடங்கள் | தளம் சீரமைப்பு, வாசல் பட்டைகள் |
| ஒரு டைல் உடைந்தால் | மாற்றலாம் | சிரமத்தோடு மாற்றலாம் | கவனம் வேண்டும், கீழதும் பெயரும் | ஓரத்திலிருந்து பிரிக்க வேண்டும் |

யாருக்கு எது

புது வீடு, கான்கிரீட் தளம், இரண்டு இஞ்ச் உயரம், இரண்டுக்கு இரண்டுக்கு மேல் போகாத டைல், நம்பிக்கையான கொத்தனார்: கலவை போதும். அடெசிவுக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் பணத்தைக் கூலியில் சேர்த்துக் கொடுத்து, தூக்கிப் பார்த்துப் பதிக்கச் சொல்லுங்கள்.

நாலுக்கு இரண்டோ அதற்கு மேலோ ஆசைப்பட்டால் மட்டத் தளமும் அடெசிவும்தான். அதற்கான நாளும் பணமும் இல்லையென்றால் டைலின் அளவைக் குறையுங்கள், முறையைக் குறைக்காதீர்கள். குடியிருக்கும் பழைய அடுக்குமாடி வீட்டில், தட்டிப் பார்த்துத் தரை உறுதி என்று தெரிந்தால், மேலேயே ஒட்டுங்கள். பாத்ரூம் எந்த வீட்டிலும் தனிக் கணக்கு: உடைத்து, வாட்டம் சரியாக்கி, நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்கிக் கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே அடெசிவில் டைல்.

எந்த முறையில் டைல் போட்டாலும் இடைவெளியில் விட்டுக்கொடுக்காதீர்கள். டைலுக்கும் டைலுக்கும் நடுவே 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர், சுவரோரம் ஸ்கர்டிங்குக்கு அடியில் 6 மி.மீ. வெற்றிடம், அதைச் சிமெண்டால் அடைக்கக் கூடாது. ஹால் இருபத்தைந்து அடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஓர் இடுக்கைச் சிலிக்கான் போன்ற மிருதுவான நிரப்பியால் அடைக்க வேண்டும். வெயில் படுகிற இடத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு அடிக்கு ஒன்று. கோடையில் டைல் விரியும், கான்கிரீட் வருடக்கணக்கில் மெல்லச் சுருங்கும். நகர இடமில்லாதபோது டைல் மேல்நோக்கித்தான் எழும். இடுக்கு தெரிந்தால் அழுக்குச் சேரும் என்று பயப்படுகிறவர்கள் எபாக்ஸி கிரவுட் (இடுக்கை அடைக்கும் பிசின் கலவை) போடலாம், கறை பிடிக்காது.

தங்கை வீட்டுத் தளத்தை மறுநாள் அவள் கணவர் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் ஒன்றே கால் இஞ்ச் வித்தியாசம். டைல் வாங்கியாகிவிட்டது, நாலுக்கு இரண்டு. இப்போது அங்கே கலவையால் மட்டத் தளம் போட்டுத் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். அதற்கென ஒதுக்காத பணம் செலவாயிற்று, கிரகப்பிரவேசத்துக்குக் குறித்த நாளும் பத்து நாள் தள்ளிப்போயிற்று. கொத்தனாரிடம் கூலியில் ஒரு பகுதியை, டைல் பதித்து ஏழு நாள் கழித்து ஹால் முழுக்கத் தட்டிப் பார்த்தபிறகு வாங்கிக்கொள்ளும்படி பேசியிருக்கிறார்கள். அவரும் மறுப்பில்லாமல் ஒத்துக்கொண்டார். மிச்சம் வருகிற டைல்ஸில் ஒரு பெட்டியை, மேலே அச்சிட்ட பேட்ச் எண் அழியாமல், பரணில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதே நிறம் இன்னொரு பேட்சில் கிடைக்காது.